சொச்சுவுக்கு ஒரு பல்

"கைய எடுங்கக்கா," என்றார் பல் டாக்டர்.

அவள் எடுத்தாள். விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் கை தானாக வாய்க்குத் திரும்பிவிட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டே மறுபடி சொன்னார். மறுபடி எடுத்தாள், மறுபடி போய்விட்டது. கடைசியில் அவள் இடக்கையில் ஒரு ரப்பர் பந்தையும் வலக்கையில் முகம் பார்க்கும் கண்ணாடியையும் கொடுத்து, "ரெண்டும் கீழ விழக்கூடாது," என்று டாக்டர் கட்டளை போட்ட பிறகுதான் அந்த வாய் வெளிச்சத்தைப் பார்த்தது.

பாவம், கையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதற்கு அப்படிப் பழகிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் புதுப்பெட்டியில் கட்டியிருந்த கயிற்று முடிச்சைப் பல்லால் அவிழ்க்கப் போனாள் அந்தப் புத்திசாலி. கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது என்பது வேறு விஷயம். முடிச்சு அவிழவில்லை, மேல்வரிசை முன்பல் ஒன்று அவிழ்ந்துவிட்டது. பக்கத்துப் பல்லின் முனையும் உடைந்தது. அன்றைக்கு வாய்க்கு ஏறிய கை இன்னும் இறங்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அவளுக்கு வாய் கிடையாது.

"நான் கட்டிக்கிட்டது பாதி மூஞ்சியத்தான்," என்பார் அவள் புருஷன். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாய் மட்டும் லிஃப்ட் மாதிரி எங்கேயும் நின்று நின்று போகாது. "கடவுள் இவளுக்கு மூணாவதா ஒரு கை குடுத்திருக்கலாம். ரெண்டு கை வேலை செய்ய, ஒண்ணு வாய மூட."

இத்தனை வருஷமும் மிச்சமிருந்த பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியவள் இப்போது எதற்காக இந்த நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறாள்? எல்லாம் சொச்சு செய்த வேலை.

சொச்சு யார் என்று கேட்டால் உங்கள் வீட்டில் குழந்தை இல்லை என்று அர்த்தம். டிவியில் சாயங்காலம் வருகிற கார்ட்டூன் அணில் அது. வாலைச் சுருட்டிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "சொச்சு சொன்னா சொன்னதுதான்" என்று அது அடித்துப் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை ஒரு குட்டி விசில் கிளம்பும். ‘ஸ்ஸொச்சு ஸ்ஸொன்னா ஸ்ஸொன்னதுதான்.’ பள்ளிக்கூட வேனில், மாடிப்படியில், பல்பொருள் கடை வரிசையில் எங்கே பார்த்தாலும் ஏதாவது ஒரு வாண்டு இதைச் சொல்லிக்கொண்டு திரியும்.

அந்தக் குரல் இவளுடையது. டப்பிங் தியேட்டரில் எல்லோருக்கும் இவள் அணிலக்கா. அரையிருட்டு அறை, காதில் ஹெட்போன், எதிரே மைக், கதவைச் சாத்திவிட்டால் அவள் வாயை ஒரு ஈ எறும்புகூடப் பார்க்காது. அதனாலேயே அந்த வேலை அவளுக்கு உயிர். "அந்த விசில் எப்படிக்கா வருது?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், "அது வித்தை. சொல்லிக் குடுத்து வராது," என்று கெத்தாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பாள். ஊருக்குச் சொன்னதை அவளும் நம்பினாள். சும்மா சொல்லக்கூடாது, மனதார நம்பினாள்.

இந்த லட்சணத்தில்தான் டிவிக்காரர்கள் குண்டைத் தூக்கிப் போட்டார்கள். பெரிய அரங்கம், மேடை, விளக்கு, அரங்கம் நிறையக் குழந்தைகள். ‘உங்கள் சொச்சுவை நேரில் பாருங்கள்.’ மேடையில் ஏறிப் பேசப் போவது இவள். செய்தி கேட்டதும் அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த நிமிஷம் கண்ணாடியைப் பார்த்தாள், கை வாயை இன்னும் இறுக்கிப் பொத்தியது.

டாக்டர் ஓட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றி, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வயதில் சின்னவர். பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முகமெல்லாம் மலர்ந்துவிடும்.

"மூணு வழி இருக்குக்கா. ஒண்ணு, தாடை எலும்புல ஸ்க்ரூ மாதிரி ஒண்ணு இறக்கி அதுமேல பல்லு வைக்கிறது. இம்ப்ளான்ட். நல்லாருக்கும், ஆனா எலும்பு அதைப் பிடிச்சுக்க மாசக்கணக்கா ஆகும். உங்களுக்குப் பல்லு போயி ரொம்ப வருஷமாச்சு, எலும்பும் மெலிஞ்சு போயிருக்கு. ரெண்டாவது பிரிட்ஜ். ரெண்டு பக்கத்துப் பல்லையும் அரைச்சு, மூணு பல்லும் ஒட்டின மாதிரி ஒரு தொப்பி போடுறது. அப்புறம் அசையாது, கழட்ட முடியாது. மூணாவது, கழட்டி மாட்டுற பல்லு. மேலண்ணத்துல சின்னதா ஒரு தகடு, அதுல ஒத்தப் பல்லு."

"கழட்டுறதெல்லாம் வேணாம் டாக்டர். தும்மினா வெளிய வந்து விழுந்துச்சுன்னா மானம் போயிடும். அசையாதது போடுங்க. பிரிட்ஜ்."

"அதுக்கு ஒரு நல்ல பல்லையும் சேத்து அரைக்கணும். உடைஞ்ச பல்லு பரவால்ல, பல்லு கலர்ல பூசினாக்கூடப் போதும், ஆனா இந்தப் பக்கத்துது முழுப்பல்லு."

"அரைங்க."

வீரம் அப்படி. டாக்டர் அவசரப்படவில்லை. முதலில் காறையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்தார். பிறகு வெள்ளையாக்கும் மருந்து தடவினார். பீங்கான் பல் ஒருமுறை என்ன நிறத்தில் செய்கிறோமோ அதுதான், பின்னால் வெளுக்காது, அதனால் சொந்தப் பல்லை முதலில் வெளுத்துவிட்டு அந்த நிறத்துக்குத்தான் புதுப்பல் செய்ய வேண்டும் என்று விளக்கினார். ரெண்டு நாளைக்குப் பச்சைத் தண்ணீர் குடித்தால் கூசும் என்றார். கூசியது, உச்சந்தலை வரைக்கும் கூசியது. நிறம் பார்க்க வரிசையாகக் கோத்த மாதிரிப் பற்களை நீட்டியபோது, பெயின்ட் கடைக்கு வந்தவள்போல இருப்பதிலேயே வெள்ளையானதை எடுத்தாள்.

"அது பாத்ரூம் டைல்ஸ் வெள்ளைக்கா," என்று டாக்டர் பிடுங்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

பிரிட்ஜ் தயாராகும்வரை, மேடைக்கு ஆகட்டும் என்று, கழட்டி மாட்டுகிற ஒற்றைப் பல் ஒன்றைச் செய்து தந்தார். விழா ஞாயிற்றுக்கிழமை, அரைக்கிற வேலை திங்கட்கிழமை என்று பேச்சு. அந்தத் தற்காலிகப் பல்லை மாட்டிய நாளை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள்.

டாக்டர் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. "கண்ணாடியப் பாருங்க."

பார்த்தாள். சிரித்தாள். கண்ணாடிக்குள் யாரோ முழு வாயும் திறந்து சிரிப்பதைப் பார்த்து இன்னும் சிரித்தாள். கை பாதிவழி ஏறி, அங்கே தனக்கு வேலை இல்லை என்று தெரிந்து, அசடு வழியத் திரும்பி இறங்கியது. வெளியே ஓடி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் காட்டினாள். காத்திருந்த நோயாளிகளிடம் காட்டினாள். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்கூட வலியை மறந்து தலையாட்டினார். போனை எடுத்துப் புருஷனுக்கு வீடியோ கால் போட்டாள்.

"என்னங்க, இங்க பாருங்க. ஈ..."

அவர் எங்கோ லிஃப்ட் குழிக்குள் தலையில் விளக்கோடு நின்றிருந்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அவர் வாயை அடைப்பதென்றால் லேசுப்பட்ட காரியமா?

"யாருங்க நீங்க?" என்றார் பிறகு, குரல் ஒரு மாதிரியாகி. "எங்க வீட்டுக்காரம்மா பக்கத்துல இருந்தா போனக் குடுங்க."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சந்தோஷம், வேறென்ன.

"பேச்சு சரியா வருதான்னு பாத்துடலாம்," என்று டாக்டர் உள்ளே கூப்பிட்டார். முன்பல் நீளம் சரியில்லை என்றால் சில எழுத்துகள் காட்டிக் கொடுத்துவிடுமாம். "வவ்வால்னு சொல்லுங்க."

"வவ்வால்."

"சோப்பு, சீப்பு, ஊசி, வாசல்."

"சோப்பு, சீப்பு, ஊசி, வாசல்."

"அருமை, கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு." டாக்டர் கைதட்டினார். "இப்ப எனக்காக ஒரு தடவை அந்த சொச்சு வசனம். எங்க வீட்டுக் குட்டி உசுர வாங்குறா, ரெக்கார்டு பண்ணிட்டுப் போகணும்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள். "சொச்சு சொன்னா சொன்னதுதான்."

டாக்டர் போனைப் பிடித்தபடியே காத்திருந்தார். "ம், சொல்லுங்க."

"சொல்லிட்டேனே."

இன்னொரு முறை சொன்னாள். நாக்கை முன்னால் தள்ளிச் சொன்னாள். உதட்டைக் குவித்துச் சொன்னாள். பத்திரிகை வாசிக்கிற மாதிரி சுத்தமாக, அழகாக, உயிரே இல்லாமல் வந்தது. எந்த ‘ச’விலும் விசில் இல்லை. டாக்டர் மெதுவாகப் போனை இறக்கினார். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

வித்தையாவது மண்ணாவது. இத்தனை வருஷமும் விசிலடித்தது ஓட்டை.

"பதறாதீங்கக்கா," என்றார் டாக்டர். "இது கழட்டுற பல்லுதான். ஆனா பிரிட்ஜ் போட்டா கழட்ட முடியாது. நல்ல பல்ல ஒருதரம் அரைச்சுட்டா அரைச்சதுதான், திரும்ப வளராது. திங்கக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. சிரிப்பு வேணுமா, விசில் வேணுமான்னு."

என்ன கேள்வி இது. சொச்சு போனால் அவள் யார்? சொச்சுவாக இல்லாத நேரத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நிற்கும் ஒரு பொம்பளை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பு? அதை ஒருதரம் பார்த்துவிட்டாளே. பார்த்துவிட்டு எப்படி ஒளித்து வைப்பது?

வீட்டில் பல்லைக் கழற்றவே மாட்டேன் என்றாள். சாப்பிடும்போதும் கண்ணாடி, துணி மடிக்கும்போதும் கண்ணாடி. இடையிடையே விசிலைச் செயற்கையாக வரவழைக்க முயன்றாள். ஒருமுறை பாம்பு சீறுகிற மாதிரி வந்தது, ஒருமுறை குக்கர் மாதிரி வந்தது, ஒருமுறை எச்சில்தான் வந்தது.

"ஏம்மா, ஓட்டையோடயே மேடைல ஏறேன்," என்றார் புருஷன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஓட்டைய யாரு பாக்கப் போறா?"

"அத்தன பேரும் பாப்பாங்க. போட்டோ வேற எடுப்பாங்க. உங்களுக்கென்ன, உங்க பல்லு வரிசையா இருக்கு, நாக்கு மேல பல்லப் போட்டு என்ன வேணாலும் பேசலாம்."

அவர் மறுபடி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டப்பிங் டைரக்டருக்கு போன் போட்டு உண்மையை உடைத்தாள். அவருக்கு இத்தனை வருஷமும் ஓட்டை இருந்ததே தெரியாது. பிறகு அவரே ஆறுதலாக ஒரு வழி சொன்னார். "அணிலக்கா, விடுங்க, பழைய ரெக்கார்டிங் மலை மாதிரி கெடக்கு. மேடைல நீங்க பல்லத் தெரியக் காட்டிச் சிரிங்க, வாய மட்டும் அசைங்க. குரல பின்னாலேருந்து நாங்க போட்டுர்றோம். ஒரு குஞ்சுக்கும் தெரியாது."

சிரிப்பும் கிடைத்தது, குரலும் கிடைத்தது. அவள் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். பிரிட்ஜை நினைத்துத் திங்கட்கிழமைக்கு ஏங்கக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் பிதுங்கி வழிந்தது. திரைக்குப் பின்னால் நின்றவள் அந்த இரைச்சலைக் கேட்டு, நாக்கால் பல்லை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். பயத்தில் பாதி, பூரிப்பில் பாதி. பெயரைச் சொன்னார்கள், விளக்கு விழுந்தது, வெளியே வந்தாள், பல் தெரியச் சிரித்தாள். கை கீழேயே இருந்தது. முன்வரிசையில் புருஷன் எழுந்து நின்று, பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் ‘நம்ம ஆளுதான்’ என்று ஜாடை காட்டிக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கியிலிருந்து சொச்சு பேசியது, அவள் வாயசைத்தாள். அரங்கம் கூரையைப் பிய்த்தது. எல்லாம் தேனாகப் போய்க்கொண்டிருந்தது, அந்த மஞ்சள் கவுன் பாப்பா எழுந்து நிற்கும்வரை.

ஆறேழு வயதிருக்கும். யார் கையையும் பிடிக்காமல் மேடை ஓரத்துக்கே வந்து, அண்ணாந்து பார்த்து, கணீரென்று கேட்டாள்: "உன் வாலு எங்க?"

ரெக்கார்டிங்கில் இதற்குப் பதில் இல்லை. பின்னாலிருந்தவர் பதறிப்போய் கைக்குக் கிடைத்த பட்டனை அமுக்கினார். "சொச்சு சொன்னா சொன்னதுதான்," என்றது ஒலிபெருக்கி. அவள் வாயசைக்க மறந்துவிட்டாள். பாப்பா விடவில்லை. "வாலு எங்கன்னு கேட்டேன்." ஒலிபெருக்கி மறுபடியும் அதையே சொன்னது. சாயம் வெளுத்துப் பல்லிளித்துவிட்டது. பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். அரங்கம் முழுக்க ஒரு முணுமுணுப்பு பரவியது.

வேறு வழியில்லாமல் மைக்கைப் பிடித்து அவளே சொன்னாள். "வால சலவைக்குப் போட்டிருக்கேன். சாயங்காலம்தான் வரும்."

நல்ல பதில்தான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பாப்பாவின் உதடு பிதுங்கியது. "நீ ஸ்ஸொச்சு இல்ல," என்றாள் அழுகையும் கோபமுமாக. "எனக்கு ஸ்ஸொச்சுதான் வேணும்."

அவள் ஆடிப்போய்விட்டாள். பாப்பா சொன்ன சொல்லில் இல்லை, அதில் கிளம்பிய விசிலில். அந்தச் சின்ன வாயைக் குனிந்து பார்த்தாள். மேலே முன்பல் ரெண்டும் இல்லை, விழுந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும்.

யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். விரலை விட்டுப் பல்லை நெம்பினாள், கையோடு வந்துவிட்டது. திரும்பி நின்றாள். பழகிய தோஷம், வாயை மூடத் தோன்றியது. வலக்கையில் மைக் இருந்தது. இடக்கைக்குள் பல் இருந்தது. மூடுவதற்கு மூன்றாவது கை இல்லை.

"வால ஸ்ஸலவைக்குப் போட்டிருக்கேன்," என்றாள் சொச்சு. "ஸ்ஸாயங்காலம்தான் வரும். ஸ்ஸொச்சு ஸ்ஸொன்னா ஸ்ஸொன்னதுதான்."

பாப்பா அவள் வாயையே பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள். பிறகு தன் உதட்டை விரலால் தூக்கி, "எனக்கும்," என்று காட்டினாள். "எனக்கும்," என்றது அவளுக்குப் பின்னால் ஒரு குரல். ஒரு பையன் நாற்காலிமேல் ஏறி ஈறைக் காட்டினான். ஆடுகிற பல்லை ஆட்டிக் காட்டினான் இன்னொருவன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரங்கம் முழுக்க வாயைத் திறந்துகொண்டு நின்றது. அத்தனை வாயிலும் ஏதாவது ஒரு இடம் காலி. அத்தனை வாயும் ஒன்றாகச் சேர்ந்து சொன்னது: "ஸ்ஸொச்சு ஸ்ஸொன்னா ஸ்ஸொன்னதுதான்." அவள் சிரித்த சிரிப்பு கடைசி வரிசைக்கும் தெரிந்திருக்கும், ஓட்டையோடு சேர்த்து.

புருஷன் மட்டும் கைதட்டவில்லை. ரெண்டு கையாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அதே நாற்காலி, அதே விளக்கு. டாக்டர் வழக்கம்போல ரப்பர் பந்தை நீட்டினார். அவள் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"அப்ப அரைக்கலாமாக்கா?"

"வேணாம் டாக்டர். அந்த நல்ல பல்லு பாட்டுக்கு இருக்கட்டும். உடைஞ்சதுக்கு மட்டும் பல்லு கலர்ல பூசுறது ஏதோ சொன்னீங்களே, அதைப் பூசுங்க. இந்தக் கழட்டி மாட்டுறது இருக்கே, இதையே நல்லா உறுதியா ஒண்ணு செஞ்சு குடுங்க. கடிச்சுச் சாப்பிட எனக்குப் பல்லு வேணும். வேலைக்குப் போறப்போ கழட்டி டப்பால போட்டுட்டுப் போறேன்."

"தும்மினா விழுந்துடும்னு பயந்தீங்களே."

"விழுந்தா எடுத்து மாட்டிக்கிறேன். நேத்து ஊரே பாத்தாச்சு, இனிமே என்ன?"

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்கிட்ட வர்றவங்க எல்லாம் ஓட்டைய அடைங்கன்னுதான் கேப்பாங்க. ஓட்டையப் பத்திரமாப் பாத்துக்குங்கன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

"எழுதி வெச்சுக்குங்க," என்றாள் அவள். பல்லைக் கழற்றி டாக்டர் கையில் வைத்தாள், அதனால் அடுத்தது விசிலோடு வந்தது. "ஸ்ஸொச்சு ஸ்ஸொன்னா ஸ்ஸொன்னதுதான்."